இலைபோலவே இருக்கும் பூச்சியைக் காட்டில் எப்படிப் பார்ப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை போனீர்கள், தங்கிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் “இந்தப் பக்கம் இலை மாதிரியே ஒரு பூச்சி இருக்கு, நானே பார்த்திருக்கேன்” என்றார், இரண்டு நாள் செடிசெடியாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை, அப்படி ஒன்று நம் மலைகளில் நிஜமாகவே உண்டா, இருந்தால் எப்படித் தேடுவது? உண்டு. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், முகத்துக்கு முன்னாலேயே இருந்தும் பார்க்காமல் வந்துவிட்டோமோ என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று படுகிறது. அதற்கும் வாய்ப்பு உண்டு. நான் வேளாண் பூச்சியியல் படித்தவன். 18 வருடமாக ஆனைமலை, நீலகிரிப் பக்கம் பூச்சிக் கணக்கெடுப்புகளுக்குப் போய்வருகிறேன். புதிதாகக் கூட வருபவர்களின் கண் எதைத் தாண்டிப் போய்விடுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்திருப்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் ஒருவர் ‘இலைப்பூச்சி’ என்றால் அது நாலைந்து வெவ்வேறு உயிர்களில் எதுவாகவும் இருக்கலாம். குச்சிப்பூச்சிக்கு நெருங்கிய உறவான அசல் இலைப்பூச்சி ஒன்று. பச்சை இலை வடிவத்தில் இறக்கை உள்ள, மயிர்போல நீண்ட மீசை கொண்ட வெட்டுக்கிளிகள் இன்னொன்று. இறக்கையை மூடினால் காய்ந்த சருகாகிவிடும் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள், அப்புறம் கும்பிடுபூச்சிகளில் சில. இவற்றில் அசல் இலைப்பூச்சிதான் கண்ணில் படுவதே அபூர்வம். வெட்டுக்கிளி வகை, விளக்கு எரியும் எந்த மலைவீட்டுத் திண்ணைக்கும் மழைக்கால இரவில் வந்து உட்காரும். அதனால் அந்த அண்ணன் பார்த்தது பெரும்பாலும் வெட்டுக்கிளியாகத்தான் இருக்கும். இது என் ஊகம். அவர் சொன்ன ஒரு வரியை வைத்து அதற்குமேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். வெட்டுக்கிளி என்றால் பின்னங்கால் இரண்டும் நீளமாக, தாவுவதற்கென்றே மடங்கி முதுகுக்குமேல் நிற்கும். மீசை உடம்பைவிட நீளமாக, நூல்போல இருக்கும். இறக்கைகள் முதுகின்மேல் கூரைபோலச் சரிந்து, பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது இலையாகத் தெரியும். அசல் இலைப்பூச்சி அப்படியே தட்டை. மேலே இருந்து பார்த்தால்தான் அது இலை. பெண்ணின் மேலிறக்கைகள் இரண்டும் முதுகின் நடுவில் விளிம்போடு விளிம்பு சேர்ந்து படியும், அந்தச் சேர்க்கைக் கோடுதான் இலையின் நடுநரம்பாகத் தெரிகிறது, அதிலிருந்து கிளைநரம்புகள் இரு பக்கமும் பிரிந்து போகும். வயிறு இலைப்பரப்புபோல அகன்றிருக்கும், கால்களிலும் சின்னச் சின்ன இலைத்துண்டு ஒட்டியதுபோலத் தட்டையான மடல்கள். பெண்ணுக்கு மீசை மிகக் குட்டை, பறக்கவும் முடியாது. ஆண் ஒல்லியாக, நீண்ட மீசையோடு, கண்ணாடிபோன்ற பின்னிறக்கையால் பறக்கக்கூடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று நம்பவே தோன்றாது. பாப்புவா நியூ கினியில் கிடைத்த ஒரு பெண்ணின் முட்டைகள் மான்ட்ரியல் பூச்சிக் காட்சியகத்தில் பொரிந்து வளர்ந்தபோது, அதுவரை வேறொரு பேரினம் (நெருங்கிய இனங்கள் பல அடங்கிய பிரிவு) என்று ஆய்வாளர்கள் வைத்திருந்த ஆண்கள் அதிலிருந்து வந்தன. 2020இல்தான் அது கட்டுரையாக வெளியானது.

நம் பக்கம் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வடகிழக்கு இந்தியாவிலும் அசல் இலைப்பூச்சிகள் இருப்பது பதிவானது, சந்தேகம் வேண்டாம். 2023இல் மரபணுவை வைத்து உலகளவில் ஏழு புது இனங்களைப் பிரித்து அறிவித்தார்கள்; அதில் தென்மேற்கு இந்தியாவைச் சேர்ந்ததும் ஒன்று, அதன் பெயர் புல்கிரிஃபில்லியம் அணங்கு. சங்கப் பாட்டில் அணங்கு என்றால் கண்டவரைக் கலங்கவைக்கும் தெய்வப்பெண், படித்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இனங்கள் என்பதால்தான் மரபணு வரை போகவேண்டியிருந்தது. ஆகவே யாராவது ஒரு போட்டோவை மட்டும் காட்டி “இது இன்ன இனம்” என்று அடித்துச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ‘இலைப்பூச்சிக் குடும்பம், பெண்’ என்பதுவரை படத்தை வைத்துச் சொல்லலாம், அதற்குமேல் போவது கஷ்டம்.

பிறகு ஏன் யாருக்கும் அகப்படுவதில்லை? அவை பெரும்பாலும் மரத்தின் மேல் தட்டில் வாழ்கின்றன, பகல் முழுக்க அசையாமல் இருந்துவிட்டு இரவில் தின்கின்றன. நாம் பார்ப்பவற்றில் பல காற்றிலும் மழையிலும் கீழே வந்துவிட்டவை. நான் மிகப் பக்கத்தில் பார்த்த ஒன்றும் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்து லயன் வீடு ஒன்றின் பின்புறம், முந்தின இரவு நல்ல காற்று மழை. அந்த வீட்டு அக்கா கொய்யா பறிக்கக் கையை நீட்டியவர் அப்படியே நிறுத்தி, “தம்பி, இந்த இலை காலை எடுத்து வைக்குது” என்றார். அவர் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. எனக்கு அவர் காட்டிய இடத்தில் இலைதான் தெரிந்தது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்த பிறகு, ஓர் இலையின் காம்பு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு முன்னங்கால்கள் ஒட்டி நீண்டிருந்ததும், அவற்றுக்கு நடுவே தலை புதைந்திருந்ததும் புலப்பட்டன. வயிற்றின் விளிம்பில் பழுப்பு, கொய்யா இலை நுனி காய்ந்தால் வருமே அதே பழுப்பு. அது ஓர் அடி எடுத்துவைத்தது, நின்றது, முன்னும் பின்னும் ஆடியது, இன்னோர் அடி. அந்த நேரத்தில் காற்றே இல்லை, சுற்றியிருந்த இலை ஒன்றுகூட அசையவில்லை. அதைக் காட்டிக்கொடுத்ததே அந்த ஆட்டம்தான்.

நான் கூட வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதை வைத்துத்தான். பூச்சியைத் தேடாதீர்கள், முதலில் செடியைப் படியுங்கள். ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு, அதன் இலை எப்படி வைத்திருக்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். கொய்யாவில் ஒரு கணுவுக்கு இரண்டு இலை, எதிரெதிராக. இது மனதில் பதிந்துவிட்டால் ஒரு கணுவில் மூன்றாவது இலை இருந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். காம்பு கிளையோடு சேரும் இடத்தைப் பாருங்கள். எந்த இலைக்கும் அது இருந்தாகவேண்டும், பூச்சிக்கு இருக்காது. இலை வெளிச்சத்தை எந்தப் பக்கம் பார்த்து விரிந்திருக்கிறது என்று பாருங்கள். பூச்சி இலையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கும்போது பக்கத்து இலைகளோடு அதன் சாய்வு ஒத்துப்போகாது. வெயிலுக்கு எதிராக, கீழிருந்து மேலே பார்ப்பதும் நல்ல வழி. நிஜ இலை முழுக்க ஒரே மாதிரி ஒளியை விடும், வெட்டுக்கிளி என்றால் நடுவில் உடம்பு இருட்டாகத் திட்டுப்போல நிற்கும். வெளிவரம்பையும் கவனியுங்கள்: புழு கடித்த இலையில் இடது பக்கம் ஒரு பள்ளம் இருந்தால் வலது பக்கம் அதே இடத்தில் அதே அளவுப் பள்ளம் இருப்பதில்லை, அசல் இலைப்பூச்சியின் விளிம்பில் இருக்கும். அப்புறம் எச்சம். மேலே ஏதோ தின்கிறது என்றால் கீழ் இலைகளில் கரும்பச்சைத் துணுக்குகளாக எச்சம் விழுந்திருக்கும். விரலால் நசுக்கினால் ஈரமாக இருந்தால் நேற்று இரவு விழுந்தது. அதற்கு நேர்மேலே பாருங்கள். புழுக்களைத் தேடவும் இதே வழிதான், அதனால் பத்துத் தடவை தேடினால் எட்டுத் தடவை புழுதான் அகப்படும். அதுவும் நல்லதே, கண் பழகும்.

கிளையைப் பிடித்து உலுக்காதீர்கள். கணக்கெடுப்புகளில் கிளையைத் தட்டி, கீழே விரித்த வெள்ளைத் துணியில் விழுவதை எண்ணும் முறை உண்டு, அது தெரிந்து செய்கிறவர்களுக்கு. இலைப்பூச்சி, குச்சிப்பூச்சி எல்லாம் பிடித்து இழுத்தால் காலைக் கழற்றிவிட்டுப் போகும். இளம் பருவத்தில் தோலுரிக்கும்போது அந்தக் கால் திரும்ப வளரும், முழு வளர்ச்சி அடைந்த பிறகு வளராது.

இரவுதான் சரியான நேரம் என்பது உண்மை. டார்ச் வெளிச்சத்தில் சுற்றி எல்லாம் இருட்டாகிவிடுவதால் ஒரு முழம் இடத்தை மட்டும் பார்க்கிறோம், பூச்சியும் அப்போது நடமாடும், தின்னும். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றி உயரத்தில் பிடியுங்கள். ஆனால் வால்பாறையில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே தேயிலைக்கு நடுவிலேயே யானையும் சிறுத்தையும் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன, இருட்டில் பூச்சியைப் பார்த்துக் குனிந்திருப்பவருக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. சுற்றிலும் இருப்பது ஆனைமலைப் புலிகள் காப்பகம், அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் எதையாவது பிடித்து வருவதும் குற்றம். தங்கும் வீட்டின் திண்ணை, சுற்றுச்சுவருக்கு உள்ளே இருக்கும் கொய்யாவும் வேலிச்செடியும், இரவு முழுக்க எரியும் ஒரு டியூப்லைட், இவை போதும். விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து அந்த விளக்கைச் சுற்றிய சுவரையும் அதற்குக் கீழே உள்ள செடிகளையும் பாருங்கள், காகமும் மைனாவும் வந்து பொறுக்குவதற்கு முன்னால். நான் எடுத்த நல்ல படங்களில் பாதிக்குமேல் இப்படிக் கிடைத்தவை.

காதையும் பயன்படுத்தலாம். இலை வெட்டுக்கிளிகளில் ஆண்கள் இறக்கையோடு இறக்கையை உரசிப் பாடும். பலவற்றின் குரல் மிகக் கூர்மையானது, வயதானவர்களுக்குக் கேட்பதே இல்லை. ஆனால் ஒனோமார்க்கஸ் என்று ஒன்று உண்டு, பலா இலைபோல அகன்ற பச்சை இறக்கை. கர்நாடகத்தின் குதிரேமுக் காடுகளில் பதிவு செய்த அதன் குரல் 3.2 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது, எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும். மர உச்சியில் இருந்து பாடுவதால் பார்ப்பதற்குக் கொடுப்பினை வேண்டும், ஆனால் ‘அந்தப் பலாவில் ஓர் இலை பாடுகிறது’ என்று தெரிந்து இரவில் முற்றத்தில் உட்கார்ந்து கேட்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி சருகு வண்ணத்துப்பூச்சி. நீங்கள் பகலில் மட்டும்தான் நடக்க முடியும் என்றால் இதைத்தான் தேடச் சொல்வேன். கல்லிமா என்ற பேரினம், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதை ஆங்கிலத்தில் ப்ளூ ஓக்லீஃப் என்பார்கள். அதன் புழு குறிஞ்சி வகைச் செடிகளைத் தின்று வளரும், எனவே குறிஞ்சிப் புதர் மண்டிய ஓடைக்கரைப் பாதைகள்தான் இடம். பறக்கும்போது பளீரென்று நீலம், முன்னிறக்கையில் வெளிர்நிறப் பட்டை. உட்கார்ந்து இறக்கையை மூடிய கணம் நீலம் அணைந்துவிடும், பழுப்புச் சருகு ஒன்று மிஞ்சும். பின்னிறக்கையின் வால் காம்பாகவும் முன்னிறக்கையின் நுனி இலைநுனியாகவும் ஆகி, இரண்டு இறக்கைகளையும் கடந்து ஓடும் ஒரே கோடு நடுநரம்பாகிவிடுகிறது. இறக்கை சரியான நிலையில் மூடியிருந்தால்தான் அந்தக் கோடு ஒன்றுசேரும். பூஞ்சை பிடித்த புள்ளிகள் வரை இருக்கும். இயற்கையியலாளர் வாலஸ் 1861-62இல் சுமத்ராவில் இதன் உறவினம் ஒன்றின் பின்னால் அலைந்தார். அது புதருக்குள் போய் உட்கார்ந்ததும் மறைந்துவிடும், எவ்வளவு பதுங்கிப் போனாலும் அவருக்குத் தெரியாது, திடீரென்று எழுந்து பறந்து வேறிடம் போகும். அவ்வளவு தேர்ந்த கண்ணுக்கே அது உட்காரும் இடத்தை நேரில் பார்த்த பிறகுதான் பிடிபட்டது என்பதை நினைத்தால் உங்கள் இரண்டு நாளுக்கு வருத்தப்பட ஒன்றுமே இல்லை.

என் அனுபவத்திலும் வழி அது ஒன்றுதான்: அது இறங்கும் இடத்தைப் பார்த்துவிடவேண்டும், பார்த்தபின் கண்ணை எடுக்கக்கூடாது. கேமராவைத் திறக்கக் குனிந்தால் போயிற்று. இது பூவுக்கு வருவதில்லை, மரத்தில் வடியும் சாறுக்கும் அழுகிய பழத்துக்கும் வரும். ஒருமுறை விழுந்து வெடித்த பலாப்பழத்துக்குப் பக்கத்தில் நீலம் ஒன்று போய் அணைந்தது. பத்து நிமிடம் அசையாமல் நின்றேன். முழங்கால் உயரத்தில், அடிமரத்தில் தலைகீழாக ஒட்டியிருந்த ஒரு சருகுக்கு நான்கு கால் இருந்தது. இந்தக் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளுக்கு முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு மடங்கியிருக்கும், நிற்பது நான்கு காலில். அந்தக் கால்களுக்கு நடுவே உறிஞ்சுகுழல் பட்டை வெடிப்புக்குள் இறங்கி, மெதுவாக நகர்ந்து நகர்ந்து தடவிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் இறக்கை எப்படி உருவாகியிருக்கும் என்ற கேள்விக்கு நல்ல விடை உண்டு: உறவினங்களின் இறக்கை வரிகளை ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல், இது ஒரே தாவலில் வந்ததல்ல, சாதாரண வரிகள் படிப்படியாக இடம் மாறி வந்தது என்று காட்டினார்கள்.

வால்பாறைக்கு மறுபடி போகும்வரை காத்திருக்கவேண்டாம், வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். ஈவ்னிங் பிரவுன் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி தமிழ்நாடு முழுக்க, ஊருக்குள்ளேயே இருக்கிறது. புழு நெல்லும் புல்லும் தின்னும், வளர்ந்த வண்ணத்துப்பூச்சி அந்தி மயங்கும் நேரத்தில் பறக்கும், சில சமயம் விளக்கைப் பார்த்து வீட்டுக்குள்ளும் வந்துவிடும். மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்கு இறக்கையின் அடியில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பவற்றுக்கு அந்த வட்டங்கள் மங்கி, இறக்கை விளிம்பு கோணலாகி, அச்சு அசல் சருகாகிவிடும். ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு இருக்காது: ஒன்று செம்பழுப்பு, ஒன்று சாம்பல், ஒன்றில் கருந்திட்டு. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஜனவரி, பிப்ரவரியில் சருகைக் கூட்டாமல் விட்டுவைப்போம். பகலில் மெதுவாகக் காலை இழுத்து நடந்தால் ஒன்று எழும்பி நாலைந்து அடி தள்ளி விழும். விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போங்கள். முதல் நாள் பத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஒரு வாரத்தில் பாதி தெரியும். என் அண்ணன் மகளுக்கு ஏழு வயது, இப்போது எனக்கு முன்னால் அவள் காட்டுகிறாள்.

எலுமிச்சை, மாதுளை வைத்திருப்பவர்கள் பழத்தில் இரவில் துளை போடும் அந்துப்பூச்சியையும் தெரிந்துவைத்திருப்பார்கள். மேலிறக்கை காய்ந்த இலை, அதைத் தூக்கினால் பின்னிறக்கை பளிச்சென்ற ஆரஞ்சு. அதன் புழு சீந்தில்கொடி வகைகளில் இருக்கும். வறண்ட புதர்க்காட்டுப் பக்கம் இருப்பவர்கள், காலில் கிழிந்த சருகு தொங்குவதுபோல இருக்கும் வயலின் கும்பிடுபூச்சியைத் தேடலாம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளது.

இந்தப் பூச்சிகளைப் பார்த்து மனிதர்கள் திகைப்பது புதிதல்ல. மகெல்லனின் கடற்பயணத்தில் இருந்த பிகாஃபெட்டா 1521இல் போர்னியோ பக்கத்துத் தீவு ஒன்றில், உதிர்ந்த பின் நடக்கும் இலைகளைப் பார்த்ததாக எழுதினார். ஒன்றைப் பெட்டியில் ஒன்பது நாள் வைத்திருந்தார், அது காற்றை உண்டு வாழ்வதாக நினைத்துக்கொண்டார். அது இலையைத் தின்னும் என்பது இன்று நமக்குத் தெரியும். நம் பக்கம் கொய்யா, மா போன்றவற்றில் பார்க்கலாம். ஆனால் ‘இந்த மரத்தில் நிச்சயம் இருக்கும்’ என்று யாராவது சொன்னால் நம்பிப் பயணம் கிளம்பாதீர்கள், அப்படி நிச்சயமான மரம் எதுவும் இல்லை.

ஏதாவது அகப்பட்டால் தொடாமல் நாலு படம் எடுங்கள்: நேர்மேலே இருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையும் மீசையும் தெரியும்படி ஒன்று, உட்கார்ந்திருக்கும் செடி முழுதாக ஒன்று. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ பேனாவோ வைத்தால் அளவு தெரியும். இங்கே போடுங்கள், எதுவரை சொல்ல முடியுமோ அதுவரை சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்களிடம் அந்த அண்ணனின் நம்பர் இருந்தால் ஒரு போன் போட்டு, அவர் பார்த்த பூச்சிக்கு மீசை உடம்பைவிட நீளமா, கிட்டே போனபோது தாவியதா ஆடியதா என்று மட்டும் கேளுங்கள். ஆடியது என்று சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள்.